உள்ளங்கை ஈரம்

புதுத் தும்பிக் காரில் வட்ட விளக்கை எடுத்துவிட்டுப் பட்டையாக ஒரு கோடு இழுத்தால், கம்பெனி வாசலில் பாய் விரித்துப் படுத்துவிடுவேன் என்று கந்தவேல் இணையத்தில் எழுதியிருந்தார். "அண்ணன் பாயில் எனக்கும் கொஞ்சம் இடம் விடவும்" என்று அதன் கீழே ஒருவர். இன்னொருவருக்குக் கண்ணாடியை இறக்கச் சுற்றுகிற கைப்பிடிதான் வேண்டும். "மின்சாரத்தில் ஓடும் தும்பி, கறி போடாத கறிக்குழம்பு" என்றார் வேறொருவர். முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களையும் தடிமனாக்கியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது தும்பி அல்ல, தும்பிக்கை" என்று ஒருவர் எழுத, அதற்கு மட்டும் நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

கோகிலவாணி எல்லாவற்றையும் படித்தாள். படிப்பதுதான் அவள் வேலையின் முதல் பாதி.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் சிங்காநல்லூரில் பம்ப்செட் செய்துகொண்டிருந்த ஒரு முதலாளிக்கு வேகத்தின் மேல் ஆசை வந்து செய்த கார் தும்பி. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, இன்ஜின் பின்னால். சில நூறு வண்டிகளோடு கம்பெனி படுத்துவிட்டது. வண்டிகள் படுக்கவில்லை. கோவையிலும் பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர்கள் 'தும்பி வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்து, வருடக்கணக்காக இணையத்தில் அந்த ஒரே வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கோகிலவாணி வேலை பார்க்கும் நொய்யல் மோட்டார்ஸ் அந்தப் பெயரை வாங்கியிருந்தது. தகடு வெட்டுவதற்கு முன்பே படங்களை வெளியிட்டு ரசிகர்களிடம் கருத்துக் கேட்டது. வட்டத்தின் மொத்தப் பேச்சையும் ஒரு கணினி நிரலுக்குள் போட்டது.

இவர்கள் எதற்குக் கோபப்படுவார்கள் என்பதை நிரல் உடனே சொல்லிவிட்டது: எல்லாவற்றுக்கும். எதை நேசிக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் அது ஒரே இடத்தில் போய் நின்றது. விளக்கு இல்லை, கைப்பிடி இல்லை. வால்.

"வாலா?" என்று கேட்டார் ஜெயசீலன். திட்டத்தின் தலைவர். தூத்துக்குடிக்காரர். விற்பனையில் வளர்ந்து மேலே வந்தவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் கூச்சப்படாதவர்.

கோகிலவாணிக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொபெட் கேரியர்ல ஒரு மூட்டை அரிசி கட்டிட்டு வளைவுல திரும்பியிருக்கீங்களா சார்? நீங்க திரும்பிருவீங்க. மூட்டை திரும்பாது. அது நேராப் போகத்தான் பார்க்கும். தும்பிக்கு அந்த மூட்டைதான் இன்ஜின்."

"சரி."

"ஆக்ஸிலேட்டர்ல கால் வெச்சிருக்கற வரைக்கும் பின்சக்கரம் ரோட்டைப் புடிச்சுட்டு இருக்கும். பாதி வளைவுல பயந்து காலை எடுத்தீங்கன்னா, எடை எல்லாம் முன்னாடி சாயும். பின்னாடி புடி போயிரும். மூட்டை ஜெயிச்சுரும். வண்டி வால் வெளிய சுத்திட்டு வரும்."

"காலை எடுக்கப்படாது, அப்படித்தான?"

"பயம் வரும்போது பயத்தைக் கேக்காம இருக்கணும். அதைத்தான் அவங்க ஓட்டறதுன்னு சொல்றாங்க. 'வயிறு வாய்க்கு வந்துச்சு', 'உசுரு கையில இருந்துச்சு'. ரொம்பப் பிரியமா எழுதின எல்லாத்துலயும் இதுதான் சார் இருக்குது."

"அப்ப அந்த வாலை எடுத்துர வேண்டியதுதான?"

"எடுத்தா தும்பியே இல்லைம்பாங்க."

"வச்சா?"

"வெச்சா யாராவது செத்துருவாங்க."

ஜெயசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டுக்கும் நடுவுல ஏதாவது சொல்லுங்க கோகிலா."

நடுவில் ஒன்று இருந்தது. அதுதான் அவள் வேலையின் இரண்டாவது பாதி.

பயத்தையும் ஆபத்தையும் அவள் தனித்தனியாகப் பிரித்தாள். புதுத் தும்பியின் நான்கு சக்கரங்களிலும் நான்கு மோட்டார். எந்தச் சக்கரம் வழுக்க ஆரம்பித்தாலும் கண் இமைக்கும் முன் அதைப் பிடித்து நிறுத்திவிடும். வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போகும். ஆனால் இருக்கைக்கு அடியில் சின்னச் சின்னத் தள்ளுகோல்கள் இருந்தன. அவை வளைவில் ஓட்டுபவரின் இடுப்பைப் பக்கவாட்டில் நழுவ விட்டன. ஸ்டீயரிங் திடீரென்று கனம் இழந்து, பிடி போனது போல் காட்டியது. கதவுக்குள் இருந்த ஒலிபெருக்கி டயர் கதறுவது போல் கதறியது. வால் வெளியே போகவே இல்லை. போனதாக உடம்பு மட்டும் நம்பியது.

எவ்வளவு நம்ப வேண்டும் என்பதை அளக்க ஸ்டீயரிங்கின் தோலுக்குள் மெல்லிய கம்பிகள். பயந்தால் உள்ளங்கை வியர்க்கும். அந்த ஈரத்தைக் கம்பிகள் படிக்கும். நிரலுக்குக் கொடுத்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கை எப்போதும் இவ்வளவு ஈரமாக இருக்கட்டும்.

வட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, செட்டிபாளையம் தாண்டி இருந்த கம்பெனியின் சோதனைத் தடத்தில் வாராவாரம் ஓட்ட விட்டார்கள். கந்தவேல் வந்தார். கோகிலவாணியின் தம்பி தரணியும் வந்தான். திருப்பூரில் தையல் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்பவன். சம்பாதித்ததில் பாதியை ஒரு சிவப்புத் தும்பிக்குத் தீனியாகப் போட்டவன். இருக்கைக்கு அடியில் இருப்பதை அவர்களில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உடம்பு நம்பாது.

கருத்துகள் மாறின. "அதே வால்! அதே வயித்துக் கலக்கல்!" என்று எழுதினார்கள். பாய் விரிக்கப் போவதாகச் சொன்ன கந்தவேல், "விளக்கு எப்படி இருந்தால் என்ன, உயிர் இருக்கிறது" என்று எழுதினார். கோகிலவாணி அதை இரண்டு முறை படித்துச் சிரித்தாள். இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் வட்டத்தின் வருடாந்தர வால்பாறைப் பயணம். தரணி ஓட்டி முடித்து இறங்கி, கொட்டகை ஓரத்தில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். டயர் ஏற்றி வந்த லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு அவன் தெரியவில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தரணி திரும்பினான். லாரியைப் பார்த்தான். ஊதி ஒரு வாய் டீ குடித்தான்.

காவலாளி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, லாரியின் கொக்கி டம்ளரைத் தட்டிக்கொண்டு போனது.

"அட, டீ போச்சே" என்றான் தரணி. பிறகு அக்காவைப் பார்த்தான். "ஏன்க்கா, நீ எதுக்கு இப்படி வெளுத்துப் போய் நிக்கற? என்னமோ உன்னை இடிச்ச மாதிரி."

"லாரி வந்ததை நீ பாக்கலியா?"

"பாத்தனே."

அவள் அவன் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கை காகிதம் போல் உலர்ந்திருந்தது. அவள் கைதான் நனைந்திருந்தது.

உள்ளே போய், தரணி ஓட்டும்போது வண்டி என்னென்ன செய்தது என்று பார்த்தாள். முதல் வாரத்தில் அவன் கை நனைய இடுப்பை ஒரு விரல்கடை தள்ளினால் போதுமாக இருந்திருக்கிறது. இப்போது தள்ளுகோல்கள் அவற்றால் முடிந்த எல்லைவரை தள்ளிக்கொண்டிருந்தன. அப்படியும் கை பாதிதான் நனைந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. கட்டளையை நிரல் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தது, அவ்வளவுதான். கை காயக் காய, அது கூட்டிக்கொண்டே போயிருந்தது.

ஜெயசீலன் கேட்டுவிட்டு, "காரம் தின்னு பழகுன மாதிரிதான? நாக்கு மரத்துப்போவும், விட்டா சரியாயிரும்" என்றார்.

"காரம்னா நாக்கு மட்டும்தான் சார் மரத்துப் போகும். இது அப்படி இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு காலிங் பெல்தான் இருக்குதுன்னு வெச்சுக்கோங்க. விளையாட்டுக்கு ஒருத்தன் நாள் முழுக்க அமுக்கிட்டே இருக்கறான். போய்ப் பாத்தா வாசல்ல ஆளே இல்லை. பத்து தடவை போவாங்க. அப்புறம் நெசமாவே ஒருத்தர் வந்து அமுக்கினா யாரு எந்திரிச்சுப் போவா? உடம்புக்கு லாரிக்குத் தனியா, மலைக்குத் தனியான்னு பெல் கிடையாதுங்க சார். ஒண்ணே ஒண்ணுதான். அதை நாம அமுக்கி அமுக்கி..."

ஜெயசீலன் நாட்குறிப்பை எடுத்தார். "திங்கக்கிழமை எல்லாரையும் கூப்பிடுவோம். டாக்டரையும் கூப்பிடுவோம்."

"நாளைக்கு அவங்க மலை ஏறறாங்க. பழைய தும்பியில. அதுல வால் நெசம் சார்."

"பேசுங்க. நான் தடுக்கல. ஆனா என்னன்னு சொல்லுவீங்க? நாங்க ஒங்களுக்குச் சொல்லாம ஒங்க பயத்த எடுத்துட்டோம்னா?"

அந்தக் கேள்வியிலேயே அவளுடைய அன்றைய மாலை போய்விட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாக யோசித்துவிட்டுத் தம்பிக்கும் கந்தவேலுக்கும் மாறி மாறி போன் செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் பொழுதோடு எல்லோரும் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கந்தவேலின் தென்னந்தோப்புக்குப் போய்விடுவார்கள். போன உடனே எல்லா போன்களும் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மலை ஏறி முடிக்கும்வரை டப்பா கந்தவேல் வண்டியில் இருக்கும். ஒரு வருடம் ஒருவர் வளைவில் போனை எடுக்கப் போய்ச் சுவரில் உரசிக்கொண்டதிலிருந்து அதுதான் வட்டத்தின் சட்டம். வீட்டில் பிரசவம் என்றாலும் டப்பா திறக்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தோப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஞாயிறு விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சோதனைத் தடத்துக்கு வந்தாள். தரணி ஒருவன் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மற்றவர்களின் எண்களைத் திரையில் வரிசையாகத் திறந்தாள். எல்லோருக்கும் தள்ளுகோல் எல்லையைத் தொட்டிருந்தது. கந்தவேலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி.

ஸ்கூட்டரில் மலையடிவாரமான ஆழியாறு போய்ச் சேரும்போது அவர்கள் மலை உச்சியில் இருப்பார்கள், அல்லது பள்ளத்தில். கொட்டகையில் முழுதாக மின்சாரம் ஏற்றிய சோதனை வண்டி நின்றது. கடைசியாக அதில் உட்கார்ந்தவன் தரணி. அவனுக்கான அளவிலேயே இருந்தது. மாற்ற நேரமாகும். அவள் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பொள்ளாச்சி சாலை நேராக இருந்ததால் வண்டி அவளைச் சும்மா விட்டது. ஆழியாறு சோதனைச் சாவடியில் இருந்தவர், "சிவப்பு வண்டிங்களா? இப்பத்தானுங் போச்சு. மத்ததெல்லாம் முன்னாடியே போயிருச்சுங்" என்றார். ஒவ்வொரு வண்டியையும் இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள், அவரவருக்கு வெறும் சாலை கிடைக்க வேண்டும் என்பதற்காக. இந்த வருடம் தரணி கடைசி.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவள் கத்திவிட்டாள். இருக்கை இடுப்புக்குக் கீழிருந்து உருவப்பட்டது. ஸ்டீயரிங் வெண்ணெயாக இளகியது. டயர்கள் கதறின. பின்பக்கம் முழுவதும் பள்ளத்தை நோக்கிப் போய்விட்டதாக வயிறு அடித்துச் சொன்னது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வண்டி சாலையின் வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை.

இவ்வளவும் தேவைப்படுகிறதா அவனுக்கு?

இரண்டாவது வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டாள். 'இது நான் எழுதியது. இந்தக் கதறல் நானே பதிவு செய்தது' என்று தனக்கே விளக்கிக்கொண்டாள். நன்றாக விளக்குவது அவளுக்கு எப்போதும் கைவந்தது. மூன்றாவதில் உதறல் குறைந்தது. ஐந்தாவதில், இந்த வண்டியில் எவ்வளவு வேகமாகவும் திரும்பலாம் என்பது மட்டும் கவனத்தில் இருந்தது. தம்பிக்கும் அவளுக்கும் நடுவே நாலைந்து வளைவுகள்தான் இருக்கும். அவள் இன்னும் அழுத்தினாள்.

எட்டாவது வளைவில் மேலிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. ஸ்டீயரிங் கையில் உதறியது. அதுவும் நான் எழுதியதுதானே என்று நினைத்தபடி திரும்பினாள்.

கண்ணாடி முழுக்கப் பேருந்து.

பிரேக்கை அவள் அழுத்தவில்லை, வண்டியே பிடித்தது. நான்கு சக்கரமும் அதனதன் கணக்கைப் போட்டு அவளைச் சுவரோரமாகத் தள்ளின. பேருந்தின் பக்கத் தகடு உள்ளங்கை அகல இடைவெளியில் கடந்து போய் நின்றது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா! ஊட்ல சொல்லிட்டு வந்துட்டியா? சாகறதுன்னா தனியாப் போய்ச் சாவு, அம்பது பேரை எதுக்குக் கூட்டிட்டுப் போற?"

"மன்னிச்சுக்கங்க" என்றாள். குரல் தெளிவாக, சாதாரணமாக வந்தது. அந்தச் சாதாரணம்தான் அவளுக்கு உறைத்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொறியாளர்களுக்கென்று வைத்த சின்னத் திரையில் கை ஈரத்தின் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் மலை போல் ஏறியிருந்த கோடு, பேருந்து வந்த இடத்தில் தட்டையாக இருந்தது. தட்டை. ஒரு சிறு மேடுகூட இல்லை.

மற்றவர்களுக்குப் பயம் மரத்துப்போக இரண்டு மாதம் ஆனது. அது பொய் என்று தெரிந்திருந்ததால், அவளுக்கு அரை மணி நேரமே போதுமாக இருந்தது.

வண்டியைச் சாலையோரத்துக்கு ஏற்றி நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, மீதி ஏற்றத்தை நடந்தே ஏறினாள்.

ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் சிவப்புத் தும்பி கோணலாக நின்றது. தரணி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். அவன் கால்கள் அந்தப் பக்கம், பள்ளத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஆழியாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் திரும்புவான், திரும்பினால் வழுக்கலாம் என்று கணக்குப் போட்டாள். பக்கத்தில் போய் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலை இந்தப் பக்கம் போடு."

"நீ எங்கக்கா இங்க? ஏன், இங்க நல்லாத்தான இருக்குது?"

"போடுடா."

போட்டான். அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"வண்டி செத்துப்போச்சுக்கா." சிவப்புத் தும்பியைக் காட்டினான். "கீழ இருந்தே ஒண்ணுமில்லை. என்ற வண்டி மாதிரியே இல்லை. ஏதோ மாவு மில்லுக்குப் போற வேன் ஓட்டற மாதிரி. சரின்னு போன வளைவுல வேணும்னே காலை எடுத்தேன்."

"தரணி!"

"வால் வந்துச்சு. முழுசா வந்துச்சு. கண்ணாடி பூரா பள்ளம்தான். எனக்கு ஒண்ணுமே தோணலை. டிவியில எவனோ ஓட்டறதைப் பாக்கற மாதிரி இருந்துச்சு. எப்படியோ திரும்பி நின்னுருச்சு. அப்புறம்தான் யோசிச்சேன், வண்டி அதே வண்டிதானே. அப்பச் செத்தது எது?" கையை விரித்து அவளிடம் காட்டினான். "பயந்து நிறுத்தலைக்கா. கணக்குப் போட்டுத்தான் நிறுத்தினேன். இப்பக்கூட பயம் வரலை. வரணும்னு மட்டும் தெரியுது."

அவள் சொன்னாள். மூன்று விதமாக யோசித்து வைத்திருந்த எதையும் பயன்படுத்தவில்லை. தள்ளுகோல், ஒலிபெருக்கி, கம்பி, காலிங் பெல், எல்லாவற்றையும் இருந்தபடியே சொன்னாள்.

தரணி சுவரை விட்டு இறங்கினான். "எனக்குக்கூடச் சொல்லலியா நீ?"

"சொன்னா வேலை செய்யாது."

"கெரகம்... அப்ப அங்க நான் பயந்ததெல்லாம் பொய்யா?"

"பயம் நெசம்டா. ஆபத்துதான் பொய்."

"திரும்பி வருமா?"

வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற அவள், அதற்கு மட்டும் நின்றபடியே பதில் சொன்னாள். "தெரியலை."

"ஆனா அந்தப் புது வண்டி நல்லா இருந்துச்சுக்கா" என்றான் அவன். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கலக்கமாக இருந்தது.

அவளுடைய போன் அடித்தது. கந்தவேல். மேலே போய் டப்பாவைத் திறந்திருக்கிறார்கள்.

"என்ன அம்மிணி, நேத்திருந்து இத்தனை தடவை கூப்புட்டிருக்கற? தரணிப் பையனை இன்னும் காணோம், டயரு கியரு போயிருச்சோன்னு பேசிட்டு இருக்கறோம்."

"இங்கதான் இருக்கறான் மாமா. எல்லாரும் நல்லபடியா ஏறிட்டீங்களா?"

"ஏறாம? தூங்கிட்டே ஏறியாச்சு. அதுதான் இங்க ஒரே பேச்சு. பழைய வண்டி ஒவ்வொண்ணும் சவமாட்டக் கெடக்குது. ஒருத்தனுக்கும் ருசிக்கலை. அந்தப் புது வண்டியை எப்பக் கைல குடுப்பீங்க? இந்தக் கட்டைவண்டியில எறங்கறதுக்கு என்ன, கண்ணை மூடிட்டே எறங்கிருவோம்."

கோகிலவாணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. உங்களுக்குத்தான் ஆயிருக்குது. எங்க வண்டியால ஆயிருக்குது. நீங்க யாரும் இன்னைக்கு வண்டியை எடுக்கக் கூடாது."

"அதெப்படி அம்மிணி, பத்து வண்டியை ரோட்டுல உட்டுப் போட்டா வர முடியும்?"

சரி என்று சொல்ல மாட்டார்கள். அவர்களை வருடக்கணக்காகப் படித்திருந்தாள். விளக்குக்கே பாய் விரிப்பவர்கள். அவள் வேறு வழியாக வந்தாள்.

"அத்தை வந்திருக்காங்களா?"

"எல்லா ஊட்டுப் பொம்பளைங்களும் வந்திருக்காங்க. போண்டா தின்னுட்டு இருக்காங்க."

"அவங்க யாரும் எங்க வண்டியில உக்காரலை. அப்ப எறங்கறதுன்னா அவங்களை முன்சீட்டுல உக்கார வைங்க. அவங்க எங்க கத்தறாங்களோ அங்க பிரேக் போடுங்க. உங்களுக்குத் தேவையில்லைன்னு தோணும். தோணினாலும் போடுங்க."

"அவ எல்லாத்துக்கும் கத்துவாளே அம்மிணி! மாடு படுத்திருந்தாக் கத்துவா, மழை வந்தாக் கத்துவா."

"கத்தட்டும் மாமா. இன்னைக்கு உங்ககிட்ட அது இல்லை. அவங்ககிட்டத்தான் இருக்குது."

பின்னணியில் யாரோ சிரித்தார்கள். கந்தவேலின் குரல் வேறு மாதிரி வந்தது. "காத்தால ஏறயில ஒரு எடத்துல அவ என்ற கையைக் கிள்ளிப் போட்டா. ரத்தம் கட்டியிருக்குது. ஏன்னே எனக்குப் புரியலை அம்மிணி."

"அந்த எடத்தை அவங்ககிட்டயே கேளுங்க மாமா. கேட்டுட்டு எறங்குங்க."

ஜெயசீலனுக்கும் சொன்னாள். "வண்டி எட்டாவது வளைவுல நிக்குது. இழுத்துட்டுப் போகத்தான் ஆள் அனுப்பணும், ஓட்டிட்டுப் போக இல்லை. உங்க டாக்டர்கிட்ட முதல் ஆளா நான் வரேன்." அவர் எதையும் கேட்காமல், "அனுப்புதேன். நீங்க பாத்து வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பாத்து வாங்க. எதைக் கொண்டு பார்ப்பது?

தரணி சிவப்புத் தும்பியின் சாவியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. தலையை ஆட்டி, தன் கையை விரித்துக் காட்டினாள். அதுவும் காய்ந்துதான் இருந்தது. அவன் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டு, வண்டியைப் பூட்டினான்.

வால்பாறையிலிருந்து இறங்கிய அரசுப் பேருந்தை நடுச்சாலையில் நின்று மறித்தார்கள். இன்னும் கொஞ்சம் ஓரமாக நின்றிருக்கலாம் என்பது இருவருக்கும் பிறகுதான் தோன்றியது. நடத்துநர் திட்டிக்கொண்டே ஏற்றினார். பின்பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர்களுக்கு முன்சீட்டில் ஒரு பெண், ஏதோ தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவளாக இருக்க வேண்டும். மடியில் மஞ்சள் பை, ஒரு கையால் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தாள். சாதாரணமான பிடி. பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

பேருந்து எட்டாவது வளைவுக்குள் இறங்கியது. சாலையோரத்தில் சோதனை வண்டி பளபளவென்று நின்றிருந்தது. நீளமான உடம்பைத் திருப்ப ஓட்டுநர் வெளிப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே சாலை தெரியவில்லை. மரங்களின் உச்சி தெரிந்தது.

"அக்கா" என்றான் தரணி மெதுவாக. "இப்பப் பயப்படணுமா?"

கோகிலவாணி ஜன்னலைப் பார்க்கவில்லை. முன்சீட்டுப் பெண்ணின் கையைப் பார்த்தாள். பேச்சு நின்றிருந்தது. கம்பியைச் சுற்றிய விரல்களின் மூட்டுகள் வெளுத்திருந்தன. கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் ஏறி இறுகியிருந்தன.

"படணும்" என்றாள்.

தரணி கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவளும் பிடித்துக்கொண்டாள். முன்னால் இருந்த அந்த விரல்கள் தளரும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.